கசிவு

மார்பளவு உயரம் என்றால் ஒரு மீட்டர் முப்பது.
யாருடைய மார்பு என்று பயிற்சியில் யாரும் கேட்கவில்லை.
எனக்கு அது தோள்.
மரத்தைக் கட்டிக்கொள்வதுபோல் நாடாவைச் சுற்றி
வாசித்துச் சொல்கிறேன், இருபத்தேழு, இருபத்தொன்பது,
ஸ்டீபன் டெப்பில் தட்டுகிறான்.

ஏழாம் நம்பர் மலை.
தேயிலை கிழடாகி, கம்பனி கைவிட்டு,
மானாப்புல்லும் அட்டையும் குடியேறிய இடம்.
இப்போது இரண்டாயிரத்து நானூறு மரங்கள்.
ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஓர் அலுமினியத் தகடு,
தகட்டில் ஓர் எண்.
எங்கோ பறந்த விமானத்தின் புகையை
இவை குடித்துக்கொண்டிருக்கின்றனவாம்.
நல்லது, குடிக்கட்டும்.
மாசியில் வற்றிப்போகும் பீலியில்
இந்த வருடம் பங்குனிவரை தண்ணீர் விழுந்தது.
இதையும் எழுதலாமா என்று கேட்டேன்.
தண்ணீருக்கு வேறு நிதியாம், வேறு படிவமாம்.

ஒப்பந்தம் நாற்பது வருடத்துக்கு.
பெரட்டுக்களத்தில் நடந்த கூட்டத்தில்
அதைத் தமிழாக்கியவள் நான்.
நிரந்தரம் என்றேன்.
பின்னால் நின்ற கைக்காசுக்காரர்கள் சிரித்தார்கள்.
விறகுக்காரர்கள் இந்த மலையை விட்டு
அடுத்த மலையில் வெட்டப் போனால்
அதற்குப் பெயர் கசிவு என்றேன்.
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் சரிபார்க்க வந்தவர் பெயர் ஹென்ரிக்.
அட்டைக்குப் பயந்து காலுறையில் சவர்க்காரம் தேய்த்திருந்தார்.
எல்லோருடைய பெயரையும் கேட்டு,
எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார்.
கெட்டவர் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு.
மரம் இங்கே என்கிறது டெப்.
இங்கே ஒரு குழி. குழியில் தண்ணீர்.
'காற்றா, கத்தியா?' என்றார் ஹென்ரிக்.
நான் வாய் திறக்குமுன் மழை கொட்டத் தொடங்கியது.
லயத்துக்கு ஓடினோம்.

மரகதமணியின் காம்பராவில்
சாயத்தண்ணி வந்தது, ரொட்டி வந்தது.
அடுப்பில் எரிவது எந்த மரம் என்று ஒருவரும் கேட்கவில்லை.
தரையில் ஒரு வாளி, ஒரு சட்டி, ஒரு பால்மா டின்;
மூன்றிலும் மூன்று சத்தம்.
நான்காவது ஓட்டையில் மட்டும் சத்தமில்லை.
கூரையின் உள்பக்கம் தார் பூசி ஒட்டியிருந்தது
ஒரு அலுமினியத் தகடு.
நாற்பத்தாறு தெரிந்தது. மீதி தாருக்குள்.

கேட்கும் முன்பே அவள் சொன்னாள்:
'ஆடிக் காத்துல விழுந்த மரம்.
மூணு நாளு அப்பிடியே கெடந்திச்சு.
தகட்டத் தூக்கி எறிய மனசு வரல்ல.'
'காற்று' என்று மொழிபெயர்த்தேன்.
மனசு வராததற்கு என்னிடம் சொல் இல்லை.

ஹென்ரிக் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.
பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.
'எவ்வளவு காலமாகக் கசிகிறது?' என்று
அப்படியே தமிழில் சொல்லிவிட்டேன்.

'நீ கூட்டத்துல சொன்னியே,
அந்தக் கசிவா?' என்றாள் மரகதமணி.

இல்லை அக்கா, ஒழுகல்.
அவர்களுக்கு இரண்டும் ஒரே சொல்.

'அப்பிடின்னா பொறந்ததுல இருந்துன்னு சொல்லு.'

சொன்னேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் என்னவோ எழுதினார்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.
ஸ்டீபன் நாற்பத்தாறுக்கு என்ன போட என்றான்.
காற்று என்று போடு,
காற்றுதானே.

ஒரு நாள் சம்பளத்துக்கு இங்கே
ஒரு பேர் என்று பேர்.
மத்தியானத்தோடு மழை வேலையை நிறுத்தியது.
செக்ரோலில் அன்றைக்கு எனக்கு
அரைப்பேர்.